இரண்டு மணி நேரம் கொடுங்கள்



மறதி நோயைப் பற்றி எனக்கு முன்னால் பேசிய டாக்டர் விளக்கமாகச் சொல்லிவிட்டார். நோயாளியின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறாளே, அவளைப் பற்றிப் பேச நான் வந்திருக்கிறேன். மகளாக இருப்பாள், மருமகளாக இருப்பாள். சில வீடுகளில் கல்யாணமாகாத கடைசி மகன். பெரும்பாலும் பெண்தான்.

பொழுது சாயும்போதே அம்மாவுக்குப் பதற்றம் தொடங்கிவிடும். காலமெல்லாம் வாழ்ந்த சொந்த வீட்டு நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்பார்கள். நடுராத்திரியில் எழுந்து வாசல் கதவைத் திறப்பார்கள். அதற்காகவே தாழ்ப்பாளைக் கைக்கு எட்டாத உயரத்தில் மாற்றிப் போட்ட வீடுகள் உண்டு. "என் வளையலை இவதான் எடுத்துட்டா" என்று பழி வரும். வெளியூரிலிருந்து மூத்த மகன் வந்தால் அம்மா தெளிவாகப் பேசுவார்கள். "எனக்குச் சோறே போடறதில்லைப்பா" என்றும் சொல்வார்கள். அண்ணன் திரும்பித் தங்கச்சியை ஒரு பார்வை பார்ப்பார். அம்மாவுக்கு மலம் அள்ளியபோது உடையாதவள், அந்தப் பார்வையில் உடைந்துபோகிறாள்.

1981-ல் நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இப்படிப்பட்ட குடும்பங்களுக்காக ஒரு கையேடு எழுதினார்கள். ஒரு நாளுக்கு 36 மணி நேரம் என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார்கள். நம் வீட்டுப் பெண்களிடம் அந்தத் தலைப்பைச் சொல்லுங்கள், விளக்கம் கேட்க மாட்டார்கள். இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கும் என்று 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களோடு சேர்ந்து எத்தனை பேர் தூங்காமல் இருக்கிறார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

தூங்காதவளுக்கு என்ன ஆகும்? தன்னுடைய பிரஷர் மாத்திரையை மறப்பாள். ஒரு நாள், மூன்றாவது முறை புடவை மாற்றிவிட்ட நேரத்தில், கை ஓங்கிவிடும். 'இவங்க போய்ச் சேர்ந்தாத் தேவலை' என்று ஒரு நொடி தோன்றிவிடும். அப்படித் தோன்றியதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். அம்மா, தங்கச்சி, அப்படி அழுதவர் இங்கே உட்கார்ந்திருந்தால் உங்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் பாசம் எங்கேயும் போகவில்லை. சம்பளம் வாங்கும் நர்சுக்கே ஷிப்டு முடிந்ததும் ஆள் மாற்றுகிறார்கள். உங்களை மாற்றிவிட ஆள் வரவில்லை, அவ்வளவுதான். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது.

நாம் என்ன செய்கிறோம்? "உனக்குக் கோடிப் புண்ணியம்மா" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுக் கிளம்புகிறோம். அந்தப் புகழ்ச்சி மேல் எனக்குக் கோபம் உண்டு. தெய்வம் என்று பட்டம் கொடுத்த பிறகு, "என்னால முடியலை" என்று அவள் எந்த வாயால் சொல்வாள்?

வெளியூரில் இருக்கும் அண்ணன்மார்களே, மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்கள், நல்லது. வருஷ லீவில் பதினைந்து நாளை அம்மாவுக்கு எழுதி வையுங்கள். அந்தப் பதினைந்து ராத்திரியும் நீங்கள் பாயில் படுங்கள். தங்கச்சி வேறு ஊருக்குப் போய்த் தூங்கட்டும். சொந்தக்காரர்களே, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு அரை மணி நேரம் வந்து போவதை விட்டுவிட்டு, "நீ வெளியே போய்ட்டு வாம்மா, ரெண்டு மணி நேரம் நான் இருக்கேன்" என்று சொல்லுங்கள்.

மேடையில் இருக்கும் கவுன்சிலர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் வார்டு சமுதாயக் கூடம் முகூர்த்த நாள் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. காலை 10 முதல் மாலை 4 வரை இந்தப் பெரியவர்களுக்கான பகல்நேரப் பராமரிப்பு இடமாக அதைத் திறந்துவிடுங்கள். ஓய்வுபெற்ற நர்சுகள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள், முறை போட்டு வரத் தயார் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முதலில் வாரத்துக்கு இரண்டு நாள் போதும். சாவியை எப்போது தருவீர்கள் என்று இந்த மைக்கிலேயே நீங்கள் சொல்ல வேண்டும் என்று கேட்டு, உட்காருகிறேன்.