உளுந்து மண்ணுக்குக் கொடுப்பதும் எடுப்பதும்
(காவிரி டெல்டாவில் சிறு விவசாயிகள் கூட்டமொன்றில் பேசியது)



தை மாதத்தில் நெல் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பாக, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தூவிவிடுகிறோம். உழவு கிடையாது, அடியுரம் கிடையாது. மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது விளைகிறது. "உளுந்து தனக்கும் உரம் தேடிக்கொள்ளும், மண்ணுக்கும் கொடுக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை.

காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர் பிடித்துக் கொடுக்கிறது. பூக்கும் சமயம் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். வெளுத்திருந்தால் சும்மா இருக்கிறது. நாங்களும் ஒரு காலத்தில் யூரியா தூவச் சொன்னவர்கள்தாம். செடி கருகருவென்று வளர்ந்தது, காய் பிடிக்கவில்லை. தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் முடிச்சு சோம்பிவிடும்.

ஆனால் மணிச்சத்து காற்றில் இல்லை. அது குறைந்தால் முடிச்சே சரியாகப் பிடிக்காது. பிடித்த தழைச்சத்திலும் பெரும்பகுதி பருப்போடு சந்தைக்குப் போய்விடுகிறது. மண்ணுக்கு மிஞ்சுவது வேரும் உதிர்ந்த இலையுமே. நாமோ செடியை வேரோடு பிடுங்குகிறோம்! அடியில் அறுங்கள், வேர் மண்ணிலேயே கிடக்கட்டும். கொடி மாட்டுக்குப் போனால், சாணத்தையாவது வயலுக்குத் திருப்புங்கள்.

ஏக்கர் விதைக்கு ஒரு பொட்டலம் ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் கலந்து, விதையில் பூசி நிழலில் உலர்த்துங்கள். மருந்து கலந்த விதையானால் ஒரு நாள் இடைவெளி வேண்டும். நெல்லுக்கு இடும் மணிச்சத்தைக் குறைக்காதீர்கள். அதன் மிச்சம்தான் உளுந்துக்கு. பிறகு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாளே ஊறவைத்து, தெளிவை வடித்து, 200 லிட்டர் தண்ணீராக்கி, பூக்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து ஒரு முறை, மாலையில் தெளியுங்கள். ஏக்கருக்கு இந்த அளவு.

இந்த டி.ஏ.பி.தான் கைக்கு எட்டுவதில்லை. 2010-இல் மத்திய சர்க்கார் மானிய முறையை மாற்றியது. யூரியா விலையை மட்டும் கட்டுக்குள் வைத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலையைக் கம்பெனிகளின் கையில் விட்டது. இரண்டே வருஷத்தில் டி.ஏ.பி. விலை இரு மடங்குக்கு மேல் போயிற்று. உளுந்துக்கு வேண்டாத உரம் மலிவு, வேண்டிய உரம் கிராக்கி! சிறு விவசாயி எதை வாங்குவான்?

வாய்மொழிக் குத்தகைக்காரன் கதி இன்னும் மோசம். அடுத்த வருஷம் வயல் யார் கையிலோ. எரு அடிக்க அவனுக்கு எப்படி மனம் வரும்? சீட்டு இல்லாததால் சங்கத்துக் கடனும் இல்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. பதியாதவர்கள் சர்வே நம்பரோடு இங்கேயே பெயர் கொடுங்கள். பந்தல் வாசலில் தோழர்கள் நோட்டுடன் உட்கார்ந்திருக்கிறார்கள். தாலுகா ஆபீஸுக்குச் சேர்ந்தே போவோம்.