ஓட்டல் முதலாளியின் கையெழுத்து

ஓட்டல் முதலாளி ஒருவர் அறுவை சிகிச்சைக்காக ஒரு மாதம் படுக்க வேண்டியிருக்கிறது. அடுப்படியை மாஸ்டர் பார்த்துக்கொள்வார்; கல்லாவில் மகன் உட்காருவான். ஆனால் கடை வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும், மளிகைக்காரருக்குக் காசோலை கொடுக்கவும் யார் கையெழுத்துப் போடுவது?

அதற்குத்தான் பவர் பத்திரம். 'சகல அதிகாரமும்' என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். எந்தக் கடை, எந்த வங்கிக் கணக்கு, எவ்வளவு தொகை வரை, எந்தத் தேதி வரை என்று விவரமாக எழுதுங்கள். கடன் வாங்கவோ கட்டடத்தை விற்கவோ அதிகாரம் இல்லையென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்தப் பத்திரத்தை ஏற்பார்களா என்று வங்கியிலும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ அந்த அதிகாரம் பொதுவாக முடிந்துபோகும். குடும்பத்துக்கு அது மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுப் போகிறது என்பது வேதனைதான். 2024இல், கோமாவில் இருந்த கணவரின் சொத்தை நிர்வகிக்க ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அதனால், மனைவியையோ மகனையோ தொழிலில் பங்குதாரராகச் சேர்க்கலாமா என்றும் வக்கீலிடம் கேளுங்கள்.

கொடுத்த பவரை ரத்து செய்தால், பத்திரம் எழுதியதோடு நிற்காதீர்கள். வங்கிக்கும் சரக்கு தருபவர்களுக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். ரத்தானது தெரியாமல் அவர்கள் இறக்கிய சரக்குக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டிவரும்.