ஞானப்பல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சமயச் சொற்பொழிவுகளுக்கு நடுவே பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பிலே 'ஞானம்' இருந்தமையால் காரியதரிசி அவர்கள் தடைசொல்லாது அனுமதித்தார் போலும்!

17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், கடைவாயின் நான்கு மூலைகளிலும் முளைப்பவையே ஞானப்பற்கள். ஒவ்வொரு மூலையிலும் ஏழு பற்கள் வந்து அமர்ந்த பின் எட்டாவதாக வருவதால் பலருக்குத் தாடையில் இடம் போதுவதில்லை. லயத்துக் காம்பராவில் ஏழு பேர் படுத்தபின் வந்த எட்டாவது ஆளைப்போல் அது குறுக்கே படுத்துக்கொள்கிறது. நேராக முளைத்து உபத்திரவம் செய்யாத ஞானப்பல்லை எடுக்க வேண்டியதில்லை. எனக்கோ வலது கீழ்த்தாடையில் படுத்துவிட்டது.

விடுமுறைக்கு வந்திருந்தபோது ஈறு வீங்கி, வாயை இரண்டு விரல் அகலம்கூடத் திறக்க இயலவில்லை. அப்பாயி கிராம்பு வைத்தார். பக்கத்து லயத்துப் பெரியவர் புகையிலையை அடக்கிக்கொள்ளச் சொன்னார். பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று பயமுறுத்தியவர்களும் உண்டு. பல்லின் நரம்பு வேறு, பார்வையின் நரம்பு வேறு. ஆனால் வலியில் கிடப்பவனுக்கு வாதம் செய்யத் தெம்பு ஏது? மூன்று நாள் வீணாயிற்று. அந்த அழற்சி கழுத்துக்கு இறங்கியிருந்தால் மூச்சே அடைபட்டிருக்கக்கூடும் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

பேராதனையிலுள்ள பல் போதனா வைத்தியசாலைக்குப் போனேன். மருந்தால் வீக்கத்தை வற்றச் செய்து, எக்ஸ்றே படம் பிடித்து, பின்னொரு நாள் அழைத்தார்கள். கீழுதட்டுக்கு உணர்வூட்டும் நரம்பு அப்பல்லின் வேரருகே ஓடுவதால் படம் அவசியமாம். விறைப்பூசி போட்டு, ஈறைக் கீறி, சிறிது எலும்பைக் குடைந்து, பல்லை இரண்டாகப் பிளந்து எடுத்தார்கள். வலி இல்லை, தாடையை அழுத்துவதும் இயந்திரத்தின் இரைச்சலும் மட்டுமே தெரிந்தன. முதல் நாள் கொப்பளிக்கலாகாது, புகைக்கலாகாது. உறைந்த இரத்தம் கழன்றுவிட்டால் எலும்பு வெளித்தெரிந்து கடும் வலி எடுக்கும். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீர்.

தோட்டத்துப் பற்கள் உலகப் பிரசித்தி பெற்றவை என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். 1970 ஆம் ஆண்டில் ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டுப் பேராசிரியரும் அவர் குழுவினரும் பூண்டுலோயாவை அடுத்த டன்சினன், ஹரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். பற்தூரிகையும் பல்வைத்தியமும் அறியாத மக்களிடம் ஈறு நோய் எவ்வாறு வளர்கிறது என்பதே ஆராய்ச்சி. சொத்தை ஏறக்குறைய இல்லை; ஆனால் ஈறு அழற்சி எல்லோரிடமும் இருந்தது. 1985 வரை கண்டதில், நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வெகு வேகமாக முற்றியது; அவர்கள் 45 வயதிலேயே பற்களை ஏறத்தாழ முழுவதும் இழந்தார்கள். நூற்றுக்கு 11 பேருக்கோ ஈறு அழற்சிக்கு மேல் நோய் முற்றவேயில்லை. பல்மருத்துவ மாணவர் உலகெங்கும் இதனைப் படிக்கிறார்கள். 2010 ஆம் ஆண்டிலும் எஞ்சியோரில் 75 பேரைப் பரிசோதித்தார்கள். அவ்வறிவின் பயனை நான் மறுக்கவில்லை. ஆயினும், வைத்தியம் கிடையாது என்பதே நம்மவர் ஆராய்ச்சிக்குத் தகுதி பெற்ற காரணமாயிற்று என்பதை நினைக்கும்போது, நண்பர்களே, என் மனம் ஆறவில்லை.

தையல் பிரித்த அன்று வைத்தியர், "வீட்டில் யாராவது வெற்றிலை போடுவார்களா?" என்று கேட்டார். போடாதவர் யார் என்றல்லவா தோட்டத்தில் கேட்க வேண்டும்! புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்டது. கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், உறைப்புப் பட்டால் எரிச்சல், நாளுக்கு நாள் வாய் சிறுத்துத் திறப்பது, இவற்றில் எது தென்பட்டாலும் காட்ட வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து டோர்ச் லைட்டை அடித்து அப்பாயியின் வாயைப் பார்த்தேன். வெற்றிலையை அடக்கும் இடது கன்னத்தில் நகமளவு வெள்ளைத் திட்டு இருக்கிறது. வலிக்கவில்லையே, எதற்கு வைத்தியம் என்கிறார். அவரைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு போக அம்மாவும் வரவேண்டும். அன்று அம்மாவுக்குப் பேர் விழாது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மூவரும் புறப்படுகிறோம். டோர்ச் லைட் என் கையில்தான் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாயைக் காட்ட விரும்பும் பெரியவர்கள் கூச்சப்படாமல் வரலாம்.