மூல நிரலும் அரைவை ஆலையும்



நமது ஒன்றியத்து ஊராட்சி ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன் குடிநீர்க் கட்டணக் கணக்குக்கென ஒரு மென்பொருளை விலைக்கு வாங்கிற்று. ரசீதில் ஒரு வரியை மாற்ற வேண்டி வந்தபோது விற்றவர் அத்தொழிலையே விட்டிருந்தார். மூல நிரலோ நம்மிடம் இல்லை. மறுபடியும் பேரேட்டுக்கே திரும்பினோம்.

மூல நிரல் என்பது மனிதர் படித்தறியும்படி எழுதப்பட்ட கட்டளைகளாகும். அது நெல்; கணிப்பொறி உண்பதோ அரிசி. இடையே நிற்கும் அரைவை ஆலைதான் கம்பைலர். திறந்த மூல மென்பொருள் தருவோர் நெல்லையும் மறைக்காமல் தருகின்றனர். ஆனால் சி மொழிக்கான ஆலை விண்டோஸுடன் வருவதில்லை. புதியவர் திகைப்பது இங்கேதான்.

பழகுவதற்கு எஸ்.க்யூ.லைட் தகுந்தது. அமெரிக்கரான ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தரவுத்தள மென்பொருள் அது; நமது கைபேசிகளுக்குள்ளும் இருக்கிறது. எவரும் எடுக்கலாம், திருத்தலாம். அதன் முதன்மைக் கோப்பு இரண்டு லட்சம் வரிகளுக்கு மேற்பட்டது. அஞ்ச வேண்டா, ஒரு வரியையும் நாம் எழுதப் போவதில்லை.

முதலில் எம்.எஸ்.ஒய்.எஸ்.2 என்னும் இலவசக் கருவித் தொகுப்பை நிறுவ வேண்டும். அது பல பெயர்களில் சாளரங்களை வைக்கும், அவற்றுள் யு.சி.ஆர்.டி.64 என்பதைத் திறந்து, பேக்மேன் கட்டளையால் அதற்குரிய ஜி.சி.சி. கம்பைலரை வருவித்துக் கொள்ளலாம். நாம் வேறொரு சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்படியொரு கட்டளையே இல்லை என்ற பதிலை அரைநாள் பார்த்துக் கொண்டிருந்தோம்!

பின்னர் எஸ்.க்யூ.லைட் தளத்தில் 'அமால்கமேஷன்' எனப்படும் மூலக் கட்டைப் பெற்று, பெயரில் இடைவெளி இல்லாத கோப்புறையில் பிரித்து வைக்கவும். ஷெல்.சி, எஸ்க்யூலைட்3.சி ஆகிய இரண்டையும் ஒரே வரியில் ஜி.சி.சி.யிடம் கொடுக்க வேண்டும். பின்னதை மட்டும் கொடுத்தால் 'வின்மெயின்' காணவில்லை என்று பிழை வரும். நிரல் தொடங்கும் வாயில் ஷெல்.சியில் இருப்பதே காரணம். ஆக்கப்படும் கோப்புக்குப் பெயரும் சொல்ல வேண்டும், மறந்தால் ஏ.எக்ஸ்இ என்ற பெயரில் அது கிடக்கும்.

கட்டளையிட்ட பின் சற்று நேரம் திரை வாளாவிருக்கும். ஒன்றும் பேசாமல் முடிந்தால் வேலை நன்கு முடிந்தது என்பதே பொருள். பிழைகள் வரிசையாக வந்தால் முதற் பிழையைப் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகளே.

ஆயத்தக் கோப்பே அத்தளத்தில் கிடைக்கிறதே எனக் கேட்கலாம். உண்மைதான், அன்றாட வேலைக்கு அதையே கொள்க. எனினும், ஒரு திருத்தம் தேவைப்படும் நாளில் நெல்லை அரைக்கத் தெரிந்த இளைஞர் ஊருக்கு ஒருவரேனும் இருத்தல் வேண்டும். கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றிய பிறகும், இரண்டு மாதமாவது பழைய பேரேட்டையும் சேர்த்தே எழுதி வாருங்கள்.