என் விவரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அக்கா, உங்க குழுவுக்கு உடனே கடன் தர்றோம்" என்று போன் வருகிறது. நம்ம பேரு, ஊரு, குழுவின் பேரு எல்லாம் சரியாகச் சொல்கிறார்கள். தெரிஞ்சவங்கதான் என்று நம்பி, வட்டி எவ்வளவு என்று விசாரிக்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது: "என் விவரம் உங்களுக்கு எங்கிருந்து கிடைச்சுது?" பதில் மழுப்பலாக வந்தால், பேச்சை அதோடு நிறுத்திடுங்க.

ஐரோப்பிய நாடுகளில் 2018 மே மாதம் முதல், ஒருவருடைய விவரத்தை வேறு இடத்தில் வாங்கிய நிறுவனம், அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். நம் நாட்டிலும் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நாம் சம்மதம் கொடுத்த நிறுவனத்திடம், "என் விவரம் என்னென்ன வச்சிருக்கீங்க, யாருக்கெல்லாம் கொடுத்தீங்க?" என்று கேட்கும் உரிமை அதில் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்கள் தயாராக 18 மாத அவகாசம் தரப்பட்டது.

கடன் விஷயத்தில் ரிசர்வ் வங்கி முன்பே வழி செய்திருக்கிறது. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு உள்ளன. ஒவ்வொன்றும் நமது கடன் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். நம்ம பேருல யார் கடன் பதிஞ்சிருக்காங்க, யார் நம்ம விவரத்தைக் கேட்டுப் பார்த்தாங்க என்று அதில் தெரியும். வாங்காத கடன் இருந்தால் எழுத்து மூலம் புகார் கொடுங்க. 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

சகோதரிகளே, நம் விவரம் நம்ம குழுவிலிருந்தே வெளியே போகலாம். உறுப்பினர் பட்டியலை யாராவது கேட்டால், ஊக்குநரோ பிரதிநிதியோ தனியாகத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. குழுவில் எல்லோரையும் கேட்கணும். யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று தீர்மான நோட்டில் எழுதணும். ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கும்போதும் அதன் மேலேயே காரணத்தையும் தேதியையும் எழுதி, கையெழுத்துப் போடுங்க.

பத்து ரூபாய் சேமிப்புக்கும் வரவு எழுதுகிறோம். நம்ம பேருக்கும் நம்பருக்கும் கணக்கு வேண்டாமா? அடுத்த குழுக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகப் போடுங்க.