பிந்திப் பிறந்த அணில்களும் ஒரு குளிர்காலமும்

2018 செப்டம்பர் 14ஆம் தேதி, ஃப்ளாரன்ஸ் புயல் அமெரிக்காவின் வட கரோலினா கடற்கரையைக் கடந்தது. அதன்பின் அந்த மாநிலத்து வனவிலங்குக் காப்பாளர்களின் வீடுகளுக்கு அட்டைப்பெட்டிகள் வந்த வண்ணம் இருந்தன. உள்ளே, மரம் சாய்ந்து கூடு சிதறியதில் தாயைப் பிரிந்த அணில் குட்டிகள். புயல் வராத ஆண்டுகளிலும் இந்த வரவு நிற்பதில்லை. மரம் வெட்டும் ரம்பமும் வீட்டுப் பூனையும் சாலை வாகனங்களும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. இலையுதிர் காலத்தில் இப்படி வந்து சேரும் குட்டியை வளர்த்து, குளிர்காலம் முழுவதும் வைத்திருந்து, வசந்தத்தில் மரத்துக்கே அனுப்பும் பழக்கம் வட அமெரிக்காவில் ஒரு தேர்ந்த கலையாகவே வளர்ந்திருக்கிறது. இன்றைய உரை அந்தக் கலையைப் பற்றியது.

முதலில் அணிலை அடையாளம் காண வேண்டும். சாம்பல் நிற அணில் என்றதும் நம்மவருக்கு திருவில்லிபுத்தூர் நினைவுக்கு வரும். 1988இல் சரணாலயம் கண்ட அந்தப் பெரிய மலையணில் வேறு. இங்கே சொல்லப்படுவது அரைக் கிலோவை ஒட்டிய எடையுள்ள கிழக்கு அமெரிக்கச் சாம்பல் அணில். இது அரிய உயிரும் இல்லை. பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் சதுக்கத்தில் 1847இலேயே மக்கள் இதைக் கொண்டுவந்து விட்டு, தங்கப் பெட்டியும் தின்னத் தீனியும் வைத்தார்கள். இன்று பல நகரப் பூங்காக்களில் இது வாசல்வரை வந்து கையேந்தும்.

சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. இந்த அணில் ஆண்டுக்கு இரண்டு முறை ஈனும்: குளிர்காலக் கடைசியில் ஒரு முறை, கோடைக் கடைசியில் ஒரு முறை. முதல் ஈற்றுக் குட்டிகள் வளர்ந்து வெளியே வரும்போது கோடை காத்திருக்கும். ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பரிலோ பிறந்தவற்றின் கதி வேறு. கண் திறக்க ஏறத்தாழ ஐந்து வாரம், பால் மறக்கப் பத்து வாரம், தானே பிழைக்கும் வயது வர 12 முதல் 14 வாரம் ஆகும். கணக்குப் போட்டால் டிசம்பர் வந்துவிடும்.

டிசம்பரில் வெளியே விட்டால் என்ன? அணில் கூடு கட்டுவது இலையோடு கூடிய சிறு கிளைகளால். பச்சையாக இருக்கும்போதே கடித்து எடுத்தால்தான் இலை கிளையைவிட்டு உதிராமல் கூட்டில் நிற்கும். டிசம்பரில் மரம் மொட்டையாக இருக்கும். இரையும் அப்படித்தான். சாம்பல் அணில் குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு கொட்டையாகத் தனித்தனியே புதைத்து வைத்ததைத் தோண்டித் தின்றே பனிக்காலத்தைக் கடக்கிறது. லூசியா ஜேக்கப்ஸும் எமிலி லைமனும் 1991இல் வெளியிட்ட ஆய்வு, அணில் தான் புதைத்த இடங்களை நினைவில் வைத்துத் திரும்ப வருவதைக் காட்டியது. புதைக்கவே வாய்ப்புக் கிடைக்காத குட்டிக்கு நினைவில் வைக்க ஒன்றும் இருக்காது. கூடும் சேமிப்பும் இல்லாமல் அதைப் பனியில் விடுவது கொன்றுவிடுவதற்குச் சமம் என்பதால்தான் குளிர்காலக் காவல் தேவைப்படுகிறது.

ஆனால் திறமையான காப்பாளர் எடுத்த எடுப்பில் குட்டியைக் கையில் வாங்குவதில்லை. தாய் அணில் வழக்கமாக இன்னொரு கூட்டையும் வைத்திருக்கும். விழுந்த குட்டியை வாயில் கவ்விக்கொண்டு அங்கே போகும். ஆகவே காயமில்லாத குட்டியை, கதகதப்புக்கு ஏதாவது வைத்து, மூடாத பெட்டியில் அதே மரத்தடியில் விடச் சொல்வார்கள். பகல் வெளிச்சம் இருக்கும்வரை காத்திருப்பார்கள். அணில் பகலாடி என்பதால் இருட்டிய பின் தாய் வராது.

தாய் வராத குட்டிக்கு வைத்தியம் தொடங்குகிறது. முதலில் சூடு, பிறகு நீர்ச்சத்து, அதன்பிறகே பால். குளிர்ந்த உடம்பில் பால் செரிக்காது. பசும்பால் ஆகாது, நாய்க்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவோ அணிலுக்கென்றே தயாரித்த மாவோ தருவார்கள். ஒரு வேளைக்கு உடல் எடையில் 5 சதவீதம், அதாவது 100 கிராம் குட்டிக்கு 5 மில்லி. ஊசியில்லாத சிரிஞ்சில், குட்டியை நிமிர்த்திப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். அவசரப்பட்டால் பால் மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியா வந்துவிடும். படங்களில் எல்லோரும் ரசிக்கும் கட்டம் இதுதான். பழகிய கைக்கு இது எளிது.

கலையின் உண்மையான சோதனை பால் மறந்த பிறகு வருகிறது. மினசோட்டா போன்ற மாநிலங்களில் ஜனவரி இரவுகள் உறைநிலைக்கு 20 டிகிரி செல்சியஸ் கீழே போவதுண்டு. இரக்கப்பட்டவர் குட்டியை வீட்டுக்குள் வைத்துக்கொள்வார். தேர்ந்தவர் கடுங்குளிர் பிடிக்கும் முன்னரே வெளிக்கூண்டுக்கு மாற்றிவிடுவார். குளிர் மெல்ல மெல்லக் கூடினால்தான் உடம்பில் அடர்ந்த குளிர்கால உரோமம் ஏறும். காதின் பின்புறம் வெண்மயிர் தெரியும். வெப்பமூட்டிய அறையில் வளர்ந்த அணிலுக்கு அந்தக் கவசம் சரியாக வராது. அதை நடுக்குளிரில் வெளியே மாற்றுவது ஆபத்து. வசந்தம்வரை உள்ளே வைத்தே ஆக வேண்டும்.

வெளிக்கூண்டின் அமைப்பைப் பார்த்தாலே அதைக் கட்டியவரின் அனுபவம் புரியும். அரை அங்குலக் கம்பிவலை, உயரம் அதிகம், உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கிளைகள். காற்று வீசும் பக்கம் தார்ப்பாய். உயரத்தில் மரப்பெட்டி, அதன் வாசல் ஓர் அணில் நுழையும் அளவு மட்டுமே. பெட்டி நிறைய உலர்ந்த சருகு. அதைத் தாமே அடுக்கிக்கொள்ள அணில்களை விட்டுவிடுவார்கள். ஒரே பெட்டியில் நான்கைந்து ஒட்டிக்கொண்டு உறங்கும். காட்டிலும் குளிர் நாட்களில் இவை கூட்டைப் பகிர்ந்துகொள்வதுண்டு. தனியே வந்த குட்டியை வேறு இடத்திலிருந்து வந்த குட்டிகளோடு சேர்ப்பதற்கு இந்தச் சூடு ஒரு காரணம். தனியே வளரும் குட்டி மனிதனையே கூட்டாளியாக எண்ணிவிடும் என்பது இன்னொன்று. தண்ணீர்தான் அன்றாடத் தொல்லை: உறைந்துபோகும், நாளுக்குப் பலமுறை மாற்ற வேண்டும்.

தீனியில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாமல் எலும்பைத் தின்னும். வேர்க்கடலை, சூரியகாந்தி விதை, மக்காச்சோளம் மூன்றையும் அணில் ஆசையாகத் தின்னும். மூன்றிலும் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். முதலில் சோம்பல், பிறகு பின்னங்கால் இழுப்பு, எலும்பு முறிவு, வலிப்பு என்று முற்றும். வீட்டுக்குள் வெயில் படாமல் வளர்ந்தால் வைட்டமின் டி குறைந்து நோய் இன்னும் விரையும். இதைத் தடுக்க, கொறிணிகளுக்கான சரிவிகிதத் தீனிக்கட்டியை முதலில் வைத்து, அது தீர்ந்த பிறகே கொட்டைகளைத் தருவார்கள். மான் உதிர்த்த கொம்புத் துண்டும் கூண்டில் கிடக்கும். காட்டு அணில்களும் கொம்பையும் எலும்பையும் கொறித்தே கால்சியம் தேடுகின்றன. வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்களுக்கும் அது தேய்மானம் தரும்.

ஓக் கொட்டை, ஹிக்கரி, அக்ரூட் எதையும் உடைத்துத் தருவதில்லை. கடின ஓட்டைத் திறக்கும் சாமர்த்தியம் கூண்டிலேயே படிய வேண்டும். கூண்டில் மண்தட்டு வைத்தால், யாரும் கற்றுத்தராமலே புதைக்கத் தொடங்கும்.

ஜனவரி வாக்கில் இன்னொரு மாற்றம். மடியில் ஏறி விளையாடிய அணிலே இப்போது கை நீட்டினால் கடிக்கும். காப்பாளர்கள் இதை வரவேற்கிறார்கள். அது இணைசேரும் பருவமும் ஆகையால் நெருக்கமான கூண்டில் சண்டை மூளும். ஒவ்வொன்றுக்கும் ஒதுங்க இடமோ தனிக்கூண்டோ வேண்டும். அணில்களை எண்ணியே கூண்டைத் திட்டமிட்டவர் இங்கே தப்பிப்பார்.

ஏப்ரல், மே மாதங்களில் மேப்பிளும் ஓக்கும் துளிர்விட்டு, இரவுக் குளிர் தணிந்ததும் கதவு திறக்கிறது. உடனே துரத்துவதில்லை. பெட்டியை மரத்தில் மாட்டி, சில வாரங்கள் தீனியும் தொடர்ந்து வைப்பார்கள்.

இந்த உழைப்பின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. காட்டில் பிறக்கும் சாம்பல் அணில்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. இனமும் அழிவின் விளிம்பில் இல்லை. பிரிட்டனிலோ இதே அணில் வேண்டாத விருந்தாளி. 1876இல் செஷையரில் விடப்பட்டதில் தொடங்கி, பின்னர் பல இடங்களில் பெருகி, அந்நாட்டுச் செவ்வணிலை ஒதுக்கிவிட்டது. அதற்கு எமனான அம்மை வைரஸையும் சுமந்து திரிகிறது. 2019 டிசம்பரில் அமலான ஆணைக்குப் பின், காப்பாற்றிய சாம்பல் அணிலைத் திரும்ப விட இங்கிலாந்தில் உரிமம் இல்லை. அமெரிக்காவிலும் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் பெற்றவரே வளர்க்கலாம். 1972இலும் 1982இலும் தொடங்கிய இரு காப்பாளர் சங்கங்கள் கூண்டுக்கும் பராமரிப்புக்கும் குறைந்தபட்சத் தரங்களைச் சேர்ந்து வகுத்துள்ளன.

கைத்திறனாகப் பார்த்தால் இந்தக் கலைக்கு உயர்ந்த மதிப்பெண் தரலாம். குளிரைத் தவிர்க்காமல் அதையே பயிற்சியாக்கிய துணிவும், கடலையைக் கையில் வைத்துக்கொண்டே கொடுக்காமல் இருக்கும் கட்டுப்பாடும் லேசில் வருவன அல்ல. குறை, கணக்கில் இருக்கிறது. எத்தனை வந்தன, எத்தனை விடப்பட்டன என்ற பதிவு கிடைக்கும். அடுத்த குளிர்காலத்தைக் கண்டவை எத்தனை என்பதைப் பின்தொடர்ந்து எண்ணுவது அரிது. இந்த வரவையே குறைக்க முயலும் காப்பாளர்கள், அவசரமில்லாத மரம் வெட்டும் வேலையை நவம்பர் நடுவிலிருந்து ஜனவரிக்குள் வைத்துக்கொள்ளுமாறு அக்கம்பக்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த வாரங்களில் பெரும்பாலும் கூட்டில் குட்டி இருக்காது. இருக்கும் அணிலும் ஓடித் தப்பும் வயதுடையது.