கடைசியாக நடப்பவர்



பள்ளித் தேர்வுகள் முடிந்துவிட்டன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் இந்நாள்களில் ஒரே பேச்சு: மே மாதம் எங்கே போகிறோம்? இளையோர் குழுவாகட்டும், அன்பியமாகட்டும், பெரும்பாலும் முடிவு ஏலகிரிதான். பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனதும் சுவாமிமலை உச்சிக்கு ஒரு நடை. வாரம் ஆறு நாள் ஷூ கம்பெனியில் தையல் எந்திரத்தின் முன் குனிந்திருக்கும் நம் சகோதரிகளுக்கும், டேனரியில் ஈரத்தோலைத் தூக்கிச் சுமக்கும் நம் சகோதரர்களுக்கும் அந்த ஒரு நாள் காற்று வேண்டும். அயல்நாட்டார் அணியும் காலணியைத் தைக்கும் நாம் ரப்பர் செருப்போடு மலையேறுகிறோம் என்பது தனிக் கதை!

மலைப்பாதையில் நடப்பதை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். அரை மணி நேரத்தில் கூட்டம் மூன்றாகப் பிரிந்துவிடும். இளைஞர்கள் முன்னே ஓடுவார்கள். கடைசியில் மூட்டுவலியோடு ஒரு பெரியம்மா, இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய், மூச்சிரைக்கும் ஓர் அண்ணன். முன்னே போனவர்கள் ஒரு பாறையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். பின்னால் வந்தவர் அங்கே எட்டியதும், "சரி, எல்லாரும் வந்தாச்சு" என்று எழுந்து கிளம்பிவிடுவார்கள். ஓய்வு கிடைத்தது களைக்காதவர்களுக்கு, களைத்தவருக்கு இல்லை.

தொடக்கநூல் 33-ஆம் அதிகாரத்தில், பல ஆண்டுகள் கழித்துச் சந்திக்கும் ஏசா தம் தம்பியைச் சேர்ந்தே போகலாம் என்று அழைக்கிறார். அவரோடு 400 ஆள்கள். யாக்கோபோ தயங்குகிறார். பிள்ளைகள் இளையவர்கள், பால் கொடுக்கும் ஆடுமாடுகள் இருக்கின்றன, ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மடிந்துபோகும்; ஆகவே அவற்றின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்றபடி மெல்ல வருகிறேன் என்கிறார். அண்ணன்மேல் உள்ளூர அச்சமும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் சொன்ன காரணம் மந்தை மேய்த்தவருக்கே தெரிந்த காரணம். வாரம் முழுக்க 'டார்கெட்' நம்மை விரட்டுகிறது. மலைமேலும் அதே விரட்டல் எதற்கு?

குரங்கணியை மறந்திருக்க மாட்டோம். 2018 மார்ச் 11, ஞாயிறு. தேனி மாவட்டத்தில் கொழுக்குமலைக்குப் போய் இறங்கிக்கொண்டிருந்த 30-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழு; பெரும்பாலும் இளவயதினர், அவர்களில் பெண்களே அதிகம். காய்ந்த புல், பலத்த காற்று. தப்பிக்க ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். மருத்துவமனையில் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து 20-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். முதலில் அவர்களிடம் போய்ச் சேர்ந்தவர்கள் யார்? அவ்வூர் மக்களும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும். தீ எரியும் மலையை நோக்கி அவர்கள் ஏறினார்கள். முன்பின் அறியாதவர்களைச் சுமந்து இறக்கினார்கள்.

அதன்பின் அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் தேர்ந்து, உள்ளூர் மலைவாழ் இளைஞர்களை வழிகாட்டிகளாக்கி, முறைப்படி திறந்தது. காட்டை அறிந்தவர் நம்மோடு வருவது நல்லது. ஆனால் நம் கூட்டத்தில் யார் பின்தங்கினார் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

லூக்கா நற்செய்தியிலும் ஒரு கூட்டம் நடந்து வருகிறது. பாஸ்கா விழா முடிந்து எருசலேமிலிருந்து திரும்பும் உறவினரும் ஊராரும். 12 வயதுச் சிறுவன் இயேசு கூட்டத்தில் எங்காவது இருப்பார் என்ற எண்ணத்தில் ஒரு நாள் முழுவதும் நடந்துவிட்டார்கள். எல்லாரும் இப்படித்தானே நினைக்கிறோம்! காணவில்லை என்று தெரிந்ததும் மரியாவும் யோசேப்பும் வந்த வழியே திரும்பினார்கள். கூட்டம் போய்விடுமே என்று பார்க்கவில்லை.

இந்தக் கோடையில் புறப்படும் குழுக்கள் ஒன்று செய்யலாம். நம்மில் நன்றாக நடப்பவரைக் கடைசியில் நடக்க வைப்போம். பெயர்ப் பட்டியலும் தண்ணீரும் அவர் பையில் இருக்கட்டும். பாதை திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்வோம். ஏலகிரிச் சரிவிலும் இப்போது புல் காய்ந்துதான் கிடக்கிறது. தீப்பெட்டி வேண்டாம், மேலே அடுப்பு மூட்டுவதும் வேண்டாம். பிரியாணியை ஆம்பூரிலேயே கட்டிக்கொள்வோம்.